மோட்டார் நின்ற ஏழு நிமிடம்

காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் தண்ணீரைக் கொட்டினாலும் அது கடைசியில் கிழக்கே பார்த்துத்தான் நடக்கும். மழைத் தண்ணீர் வேகவதி ஆற்றுக்குப் போய்விடும். வீடுகளின் அழுக்குத் தண்ணீர் பூமிக்கடியில் குழாய் வழியாக வந்து, ஐயம்பேட்டை சாலையை விட்டு உள்ளே இறங்கும் மண்பாதையின் முடிவில், ஒரு சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கிணற்றில் விழும். இருபதடி ஆழக் கிணறு. அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றித் தொட்டிகளுக்கு அனுப்பும் மோட்டார்களைப் பதினான்கு வருடம் ஓட்டியவர் ஷபியுல்லா.

ஒலிமுகமதுபேட்டையில் வீடு. மனைவி ருக்ஸானா, ஒரே மகள் சாய்மா. ஐ.டி.ஐ. முடித்தவர், அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் இரண்டு தடவை குளிப்பார். அப்படியும் பள்ளிவாசலில் கடைசி வரிசையில்தான் போய் நிற்பார். யாரும் மூக்கைச் சுளித்ததில்லை. அவருக்கே முன்னால் நிற்க மனசு வராது.

அந்தத் தண்ணீரைப் பார்த்தே ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். வரதராஜப் பெருமாள் கருட சேவை நடந்தால் அன்றைக்கு ஒன்பது மணிக்கு மேல் கிணறு பொங்கும். முகூர்த்த நாளில் சோற்றுப்பருக்கை மிதக்கும். எங்கேயாவது சாயப்பட்டறைக்காரன் தெரியாமல் திறந்துவிட்டால் தண்ணீர் அரக்கு நிறத்தில் வரும். ரமலான் மாதம் விடியலுக்கு முன்பே கிணற்றில் ஒரு சாண் ஏறும். அது தன் தெரு நோன்புக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்ட தண்ணீர் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

2021 அக்டோபரில், மழை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, கிணற்றுக்குள் விழும் குழாயின் வாய் அடைத்துக்கொண்டது. துணியும் முடியும் சேர்ந்தாலே அடைப்புதான். இந்த ஊரில் தறிகளில் அறுந்த பாவு நூலும் அதோடு முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அடைப்பெடுக்கும் இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. நிலையத்தை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்திய நிறுவனத்தின் மேற்பார்வையாளர் குமரகுரு, துப்புரவு வேலையில் இருந்த உதயகுமாரைக் கூப்பிட்டார்.

"மெஷின் வர நாலு நாளாவும்பா. அதுக்குள்ள தெருவுல பொங்கிடும். எறங்கி ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துடு. அஞ்சு நிமிஷ வேலை."

உதயகுமாருக்கு முப்பத்திரண்டு வயது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு ஷபியுல்லாவைப் பார்த்தார். மனிதனை உள்ளே இறக்கக் கூடாது என்று மூன்று பேருக்குமே தெரியும். சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருந்தது.

"பாய், மோட்டார நிறுத்திடுங்க. வேலை முடிஞ்சா பைப்புல தட்றேன்," என்றார் உதயகுமார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்ததாகவும், குமரகுருவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டதாகவும் பிற்பாடு ஷபியுல்லாவே சொன்னார். கிணற்றை ஒட்டியிருந்த மோட்டார் அறைக்குப் போய் இரண்டு மோட்டாரையும் நிறுத்தினார். மேலே நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய குமரகுரு வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.

பதினொன்றரை மணி இருக்கும். ருக்ஸானாவிடமிருந்து போன் வந்தது. சாய்மாவைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், எத்தனை பேர் என்று தெரியவில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே குழாயில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

வேலை முடிந்துவிட்டது, ஆள் ஏறி வரட்டும், பேசி முடித்துவிட்டு மோட்டாரைப் போடலாம் என்று நினைத்தார். சத்தம் நிற்கவில்லை.

"இன்னாங்க அங்க சத்தம்? நீங்க பேசறதே கேக்கலியே," என்றாள் ருக்ஸானா.

"ஒண்ணும் இல்ல, இரு," என்று எழுந்து போய், கிணற்றுப் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்தினார்.

பேச்சு முடிந்து வெளியே வந்தபோது கிணற்றோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. உள்ளேயிருந்து பதில் இல்லை. தீயணைப்பு வண்டி வந்து உடலை எடுக்கும்போது ஒன்றரை மணி. ஏணியின் படி ஒன்று துருப்பிடித்து ஒடிந்திருந்தது. நூலும் துணியும் முறுக்கிய கயிறு உதயகுமாரின் வலது காலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. கையில் கடப்பாரை இருந்தது.

அன்று மாலையே விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். வருவதற்கு முன் குமரகுரு ஷபியுல்லாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் எறங்கச் சொல்லவே இல்ல. அவனா எறங்கினான், வழுக்கிட்டான். நீ எதுவும் பாக்கல, எதுவும் கேக்கல. பொண்ணுக்கு சம்பந்தம் வருதுன்னு சொன்னியே பாய், போலீஸு கோர்ட்டுன்னு அலையப்போறியா?"

தட்டச்சு செய்த காகிதத்தில், 'மோட்டார் அறைக்குள் இருந்ததால் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை' என்று இருந்தது. ஷபியுல்லா கையெழுத்துப் போட்டார்.

மருத்துவமனை வாசலில் உதயகுமாரின் மனைவி மஹாலட்சுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். குமரகுரு அவளிடம் குனிந்து சொன்னதை ஷபியுல்லாவும் கேட்டார். "விஷக் காத்துமா. ஒரு மூச்சு தான். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

நாற்பது நாள் கழித்து ஷபியுல்லாவுக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

மோட்டாரை நிறுத்தியதும் அறையில் ஓர் அமைதி விழும். காது அந்த அமைதிக்குப் பழகுவதற்குள் குழாயில் மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. முதல் தடவை வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். கிணற்றில் ஊரின் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வால்வு ஆடுகிறது போல என்று ஃபிட்டரை வரவழைத்தார். அவர் வால்வைக் கழற்றி, உள்ளே தகடு மாற்றி, குழாயைத் தாங்கும் போல்ட்டுகளை முறுக்கினார். மோட்டாரை நிறுத்திவிட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

"கேக்குதா?" என்றார் ஷபியுல்லா.

"இன்னா பாய் கேக்கணும்?" என்றார் ஃபிட்டர்.

அதற்குப் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டிலும் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. அடுத்த தெருவில் ஏழெட்டு வீடுகளில் தறி உண்டு. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம், காதில் ஏறாத சத்தம். இப்போது அந்தத் தெருவில் நடந்தால் ஒவ்வொரு தறியையும் எண்ண ஆரம்பித்தார். மூன்றில் நிற்கிறதா என்று கவனித்து, நிற்காமல் ஓடினால்தான் மூச்சு விட்டார். பிறகு பள்ளிவாசலுக்குச் சுற்றுவழியாகப் போகத் தொடங்கினார். வீட்டில் எந்த ஜன்னலையும் சாத்த விடமாட்டார். மழைச் சாரல் மெத்தையில் அடித்தாலும் திறந்தே இருக்க வேண்டும். சாய்மாவின் நிக்காஹ் நடந்தது. மேளக்காரர்கள் வாசித்து நிறுத்திய இடைவெளியில் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே எழுந்து வாசலுக்குப் போய் நின்றார்.

"மாத்திரை போடுங்க, ஓதிப் பாக்கலாம், ஏதாவது செய்யுங்க," என்று ருக்ஸானா அழுதாள். இரண்டும் செய்தார்கள். சத்தம் இருந்தது.

சம்பவம் நடந்து எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் மஹாலட்சுமி நிலையத்துக்கு வேலைக்கு வந்தாள். நிறுவனம் ஊரில் வேறு இடத்தில் வேலை தருவதாகச் சொன்னதாம். அவள்தான் இங்கேயே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் கம்பித் தடுப்பில் சிக்கும் குப்பையை நீளமான வாரியால் வாரி எடுப்பது, மரங்களுக்குத் தண்ணீர் விடுவது, பாதையைப் பெருக்குவது என்று வேலை.

"அவரு கடைசியா இருந்த எடம் இதுதானே பாய்," என்றாள், ஷபியுல்லா கேட்காமலே.

வியாழக்கிழமை தோறும் கிணற்று மேடையில் நாலு செவ்வந்திப் பூவை வைப்பாள். பகலில் மோட்டார் அறைக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஷபியுல்லா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். ஒரு நாள் அவளே குழம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பிறகு ஓடி ஒளிய முடியவில்லை. மரத்தடியில் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"எங்கப்பா நாலு மாசம் படுக்கையில இழுத்துக்கினு இருந்து செத்தாரு," என்று ஒரு நாள் சொன்னாள். "இவருக்கு அந்தக் கொடுமை இல்ல. ஒரு மூச்சு. அத நெனச்சிக்கினு தான் பாய் நான் தூங்கறேன்."

ஷபியுல்லா டிபன் பாக்ஸை மூடினார். சொல்லிவிட வேண்டும் என்று இருந்த கொஞ்ச நஞ்சத் துணிச்சலும் அன்றோடு போயிற்று. அவள் தூங்குகிறாள். அதைக் கெடுக்க நான் யார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது தனக்கும் வசதியாக இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்படியே இரண்டரை வருடம் போனது.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் மழை. முசரவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, உபரித் தண்ணீர் எல்லாம் வேகவதியில் இறங்கி, ஆறு இரு கரையும் தொட்டுப் போனது. தெருக்களில் தேங்கியது சாக்கடை மூடிகள் வழியாகக் குழாய்க்குள் புகுந்து, இரண்டு நாள் தண்ணீர் ஒரே நாளில் நிலையத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. மோட்டார்கள் தானாக நின்றன. கிணறு கண்ணுக்கெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில் தட்டு கேட்டது. எப்போதும் கேட்பதைவிடப் பக்கத்தில், அவசரமாக.

மஹாலட்சுமி வாரியோடு கம்பித் தடுப்பு அருகே நின்றிருந்தாள். ஷபியுல்லா மழையில் ஓடி வந்து, கிணற்று மேடையில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் உள்ளே நீட்டிக் கத்துவதைப் பார்த்தாள்.

"உதயா! மேல வா! கைய பிடி! உதயா!"

அவள் வாரியைப் போட்டுவிட்டு வந்து அவருடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் உள்ளே போயிருப்பார். மோட்டார் அறையில் கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார வைத்து, தன் துண்டைக் கொடுத்தாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"யாரக் கூப்பிட்டீங்க பாய்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குமரகுரு இறங்கச் சொன்னதை, தான் வாயை மூடிக்கொண்டதை, தட்டைக் கேட்டதை, ஜன்னலைச் சாத்தியதை, கையெழுத்தை. அவள் நின்றபடியே கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்ளோ நேரம் தட்டினாரு?"

"போன்ல இருந்துச்சுமா. ஏழு நிமிஷம் பேசியிருக்கேன். வைக்கும்போதும் கேட்டுச்சான்னு தெரியல. ஜன்னல சாத்திட்டேனே."

"ஒரு மூச்சுன்னு சொன்னாங்களே," என்றாள் மஹாலட்சுமி. அவரிடம் சொன்ன மாதிரி இல்லை. துண்டை அங்கேயே விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

அவள் ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை.

அந்த ஒன்பது நாளில் ஷபியுல்லாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. முதல் நாள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. வேண்டுமென்றே தறித் தெரு வழியாகப் போய்ப் பார்த்தார். தறிகள் ஓடின, அவ்வளவுதான். அன்று படுத்தவர் மறுநாள் பாங்கு சொல்லும்வரை அசையவில்லை.

"மூணு வருஷம் கழிச்சு இன்னைக்கு தான் தூங்கினீங்க," என்று ருக்ஸானா அவர் நெற்றியைத் தொட்டுச் சொன்னாள். அவருக்குச் சந்தோஷமாக இல்லை. இது எங்கே போயிருக்கும் என்று பயமாக இருந்தது.

பத்தாம் நாள் மஹாலட்சுமி வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நேராக மோட்டார் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பாய், எனக்குக் கேக்குது."

அவர் எழுந்து நின்றார்.

"மூணு. அப்பறம் மூணு. வீட்ல பாத்திரம் கழுவிக்கினு இருக்கும்போது தண்ணி பைப்புல கேக்குது. படுத்தா சொவத்துல கேக்குது. ஒங்களுக்கு இப்ப கேக்குதா?"

கேட்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லமா."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தலையில் இருந்த சுமையை ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டுக் கைவீசி நிற்கிறோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எங்கிட்ட சொன்னத எழுதிக் குடுங்க," என்றாள் மஹாலட்சுமி. "அவரு குடிச்சிட்டுத் தானா எறங்கினாருன்னு எங்க சனமே பேசுது. எம்பொண்ணு ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து அழுவுது. ஒண்ணும் கூட்ட வேணாம். நடந்தத மட்டும் எழுதுங்க."

எழுதிக் கொடுக்கப் போவதை அன்று இரவு உணவுக்கு முன் ருக்ஸானாவிடம் சொன்னார். அந்தச் சத்தம் என்ன என்பதையும் அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார். அந்தப் போனில் பேசியது தான்தான் என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நானும் வர்றேன். ஜன்னல் சாத்தச் சொன்னது நான்தானே," என்றாள். அவள் சாத்தச் சொல்லவில்லை, சத்தம் என்னவென்று மட்டும் கேட்டாள் என்று அவர் எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை.

மூன்று பேரும் ஒரு வக்கீலோடு போய்ப் போலீஸில் மனு கொடுத்தார்கள். ஷபியுல்லா தன் கையாலேயே நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய் என்பதையும் அதற்காகத் தன்மீது வழக்குப் போட்டாலும் சரி என்பதையும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். செய்தி பரவி இரண்டாம் நாள் குமரகுரு வீட்டுக்கே வந்தார்.

"மூணு வருஷம் கழிச்சு இன்னா பாய் இது? செத்தவன் திரும்பி வரப்போறானா?"

"திரும்பி வந்துக்கினே தான் சார் இருந்தாரு," என்றார் ஷபியுல்லா.

குமரகுருவுக்குப் புரியவில்லை. பைத்தியம் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது பட்டியலில் ஷபியுல்லாவின் பெயர் இல்லை. மஹாலட்சுமியின் வேலையில் கைவைக்க அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. குமரகுரு கைதாகி, பதினெட்டு நாள் உள்ளே இருந்து, ஜாமீனில் வந்தார். கிணற்றுக்குப் பூட்டுப் போட்ட கம்பி மூடியும், அடைப்பெடுக்கப் புது இயந்திரமும் வந்தன. ஷபியுல்லா இப்போது ஐயம்பேட்டை சாலையில் ஒரு கடையில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார்.

போன வருடம் ஐப்பசியில், உதயகுமாரின் திதி அன்றே கோர்ட்டில் வாய்தா விழுந்தது. பதினொரு மணிக்கே தள்ளி வைத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் மஹாலட்சுமி, "திருமுக்கூடல் போறேன் பாய். அஸ்தி கரைச்ச எடம். நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள்.

தான் வரலாமா என்று அவருக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் கூடப் போனார். செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, பழையசீவரத்தில் இறங்கி, பாலத்தில் நடந்தார்கள். நல்ல மழை பெய்த வருடம். அங்கே வந்து கூடும் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றிலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கேக்குதாமா?" என்று பாலத்தின் நடுவில் கேட்டார். கேட்க வேண்டும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "மொதல்ல பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு. கோயில்ல தாயத்துக் கட்டலாம்னு எங்கம்மா இட்டுக்கினு போச்சு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அது அவரு தானே பாய். நிறுத்திட்டா அப்பறம் எனக்கு இன்னா இருக்குது?"

தனக்குக் கேட்டபோது அதை ஒரு தண்டனையாக மட்டும்தான் ஷபியுல்லா பார்த்திருந்தார்.

கரையில் இறங்கி அவள் முழங்கால் ஆழம் வரை தண்ணீருக்குள் போனாள். எள்ளும் பூவும் விட்டாள். அவர் மேலே மணலில் நின்றார். இந்த இடத்தில் தான் கை ஏந்தலாமா என்று யோசித்து, கைகளைத் தொங்கவிட்டபடியே மனதுக்குள் துஆ கேட்டார். உதயகுமாரின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி பெயரைச் சொல்லி, மகள் பெயரைச் சொல்லிக் கேட்டார். தனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் ஏறி வந்து சேலை ஓரத்தைப் பிழிந்தாள். ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம பிளான்ட்டு தண்ணியும் இதுல தானே பாய் வருது?"

"வரும்மா. வாய்க்கால்ல போயி வேகவதியில விழுந்து, இங்க வர ரெண்டு நாள் ஆவும்."

"அப்ப இது முந்தாநேத்து தண்ணி," என்றாள். முந்தாநாள் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒரு கணம் யோசிப்பவள் போல நின்றாள். பிறகு நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள் என்று முன்னால் வேகமாக நடந்தாள். ஷபியுல்லா மணலில் கால் புதையப் புதைய அவளைப் பின்தொடர்ந்து போனார்.